எண்ணெய்க் காசு யாரைக் கேட்டுச் செலவாகிறது?

ஏமன் நாட்டின் நகரங்களில் தெருக் கூட்டுவதும் சாக்கடை அள்ளுவதும் தலைமுறை தலைமுறையாக ஒரே மக்களின் வேலை. மற்றவர்கள் அவர்களை ‘அக்தாம்’ என்று அழைத்தார்கள். வேலைக்காரர்கள் என்று பொருள். அந்த மக்கள் தங்களை ‘முஹம்மஷீன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஓரங்கட்டப்பட்டவர்கள் என்று பொருள். ‘அரிசன்’ என்ற பெயரை உதறிவிட்டு ‘தலித்’ என்று நிமிர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அவர்கள் பேசுவது அரபி, தொழுவது அதே தொழுகை. ஆனாலும் அவர்களோடு யாரும் சம்பந்தம் செய்வதில்லை. நாய் வாய் வைத்த தட்டைக் கழுவு, அக்தாம் தொட்ட தட்டை உடைத்துப் போடு என்ற அர்த்தத்தில் அங்கே ஒரு பழமொழியே உண்டு. அவர்களின் எண்ணிக்கை 5 லட்சம் என்பவர்களும் இருக்கிறார்கள், 35 லட்சம் என்பவர்களும் இருக்கிறார்கள். யாரும் அவர்களை ஒழுங்காக எண்ணியதே இல்லை. தஇஸ் நகரப் பகுதியில் யுனிசெஃப் எடுத்த கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. பிறப்பைப் பதிவு செய்திருந்தவர்கள் 9 விழுக்காடு.

2015 மார்ச் 26 முதல் அந்த நாட்டின் மேல் சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள் குண்டு போட்டன. தஇஸ், சனா, ஹுதைதா என்று சண்டை நடந்த ஊர்களிலிருந்து எல்லோரும் ஓடினார்கள். மற்றவர்களுக்குச் சொந்தக்காரர் வீடு இருந்தது, குலம் இருந்தது, பள்ளிக்கூடங்களில் திறந்த முகாம்களில் இடம் இருந்தது. முஹம்மஷீன் மக்களைப் பல முகாம்களில் உள்ளே விடவில்லை. வயல்வெளியிலும் சாலையோரத்திலும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்தில் நிவாரண முகாம்களில் நம் மக்களுக்கு என்ன நடந்தது என்று மூத்த தோழர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு மாணவர் கேட்டார்: “எல்லாம் சரி தோழர், சவூதிக்கு இவ்வளவு விமானம் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது?” எண்ணெயிலிருந்து என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நாம் படித்தே ஆக வேண்டிய அரசியல் நிறைய இருக்கிறது.

வரி வாங்கும் அரசு நம்மிடம் வந்துதான் ஆக வேண்டும். ஏமாற்றியாவது, மிரட்டியாவது நம் சட்டைப்பையில் கைவிட வேண்டும். கைவிடும்போது நாம் அந்தக் கையைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். எண்ணெய் விற்கும் அரசுக்கு அந்தச் சிரமம் இல்லை. பூமியிலிருந்து குழாயில் வந்து கப்பலில் ஏறிப் போகிறது. அதற்கான டாலர் வெளிநாட்டுக் கணக்கில் வந்து விழுகிறது. இதில் மக்கள் எந்த இடத்திலும் குறுக்கே வருவதில்லை. சவூதியில் 2014 வரை அரசு வருவாயில் ஏறத்தாழ 90 விழுக்காடு எண்ணெயிலிருந்து வந்தது. குடிமக்களுக்கு வருமான வரி கிடையாது. ஷூரா என்ற அவையின் 150 உறுப்பினர்களையும் மன்னரே நியமிக்கிறார். அங்கே யார் எழுந்து நின்று, ராணுவத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்க முடியும்?

இந்தக் கேள்வியை நம் நாட்டில் கேட்டவர் பாபாசாகேப். 1951இல் அவர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகியதை இந்து சட்ட மசோதாவோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பதவி விலகல் அறிக்கையில் ஒரு கணக்கும் இருக்கிறது. நாடு ஆண்டுக்குத் திரட்டும் வருவாய் 350 கோடி ரூபாய், அதில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது, இதற்குக் காரணம் நமது வெளியுறவுக் கொள்கை என்று அவர் எழுதினார். அவையில் அவர் விரும்பியபடி அதைப் படிக்க விடவில்லை. அவர் வெளியே வந்து பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். பொருளாதாரம் படித்த மனிதர், பட்ஜெட்டை எங்கே திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கேட்பதற்கு ஓர் அவையும், அது மறுத்தால் வெளியிடுவதற்குப் பத்திரிகைகளும் இருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எண்ணெய் அரசுகள் பலவற்றில் இந்த இரண்டுமே கிடையாது.

1973 அக்டோபரில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 3 டாலர் அளவில் இருந்தது. 1974 தொடங்கும்போது 12 டாலரை நெருங்கிவிட்டது. இவ்வளவு பணம் திடீரென்று குவிந்தால் என்ன செய்வார்கள்? எண்ணெய் வாங்கிய நாடுகளுக்கு அந்தப் பணம் திரும்பித் தங்களிடமே வர வேண்டியிருந்தது. எண்ணெய்க்குக் கொடுத்த டாலரை ஆயுதம் விற்றுத் திரும்ப எடுத்தார்கள். பிரிட்டனும் சவூதியும் 1980களின் நடுவில் போட்ட அல்-யமாமா ஒப்பந்தத்தில் டாலர் என்ற இடைத்தரகர்கூட அவ்வளவாகத் தேவைப்படவில்லை. சவூதி நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாய் வரை எண்ணெய் கொடுக்கும், பிரிட்டன் டொர்னேடோ போர் விமானங்கள் கொடுக்கும். பண்டமாற்றுதான், நெல்லுக்கு உப்பு மாதிரி. அந்த ஒப்பந்தத்தில் லஞ்சம் புரண்டதா என்று பிரிட்டனின் மோசடித் தடுப்பு அலுவலகம் விசாரித்தது. 2006 டிசம்பரில் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, டோனி பிளேர் ஆட்சிக் காலத்தில், விசாரணை நிறுத்தப்பட்டது. ஜனநாயகத்தின் தாய் என்று சொல்லிக்கொள்ளும் நாடாளுமன்றம் இருக்கிற நாட்டிலேயே இந்தக் கேள்வி பாதியில் நின்றது. 2015இல் ஏமன் மேல் பறந்த விமானங்களில் டொர்னேடோக்களும் இருந்தன.

எண்ணெய் விலைக்கும் ராணுவச் செலவுக்கும் உள்ள உறவை எங்கேயாவது பச்சையாகப் பார்க்க வேண்டுமென்றால் 2014 முதல் 2016 வரையிலான இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். 2014 ஜூனில் பீப்பாய் 115 டாலர். 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் உலக ராணுவச் செலவைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. அதன்படி 2015இல் சவூதி 8,700 கோடி டாலர் செலவிட்டு, அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து உலகில் மூன்றாம் இடத்தில் நின்றது. விலை விழத் தொடங்கிய பிறகும் ராணுவச் செலவு ஏறிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆண்டுதான் புது மன்னர் வந்தார், 29 வயது மகன் பாதுகாப்பு அமைச்சர் ஆனார், போர் தொடங்கியது. கையிருப்பு கரைந்த பிறகு, 2016இல், செலவு 30 விழுக்காடு இறங்கியது. அதே ஆண்டில் வெனிசுவேலாவில் 56, தெற்கு சூடானில் 54, இராக்கிலும் அசர்பைஜானிலும் 36 விழுக்காடு இறக்கம். இந்த நாடுகளுக்குள் மொழி, மதம், ஆட்சி முறை எதிலும் ஒற்றுமை இல்லை. இராக்கிலும் தெற்கு சூடானிலும் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது, ஆபத்து ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிறகு ஏன் செலவு இறங்கியது? கல்லாவில் காசு குறைந்தது. அவ்வளவுதான். ராணுவச் செலவு எதிரியைப் பார்த்து முடிவாகிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே அது கல்லாவைப் பார்த்து முடிவாகியிருக்கிறது.

விலை விழுந்தபோது வலித்தது யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். 2016 கோடையில் ஜித்தாவிலும் மற்ற ஊர்களிலும் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் பல மாதச் சம்பளம் இல்லாமல், முகாம்களில் சாப்பாடு இல்லாமல் தவித்தார்கள். அரசு ஒப்பந்தப் பணம் வரவில்லை என்று கட்டுமான நிறுவனங்கள் கைவிரித்தன. இந்திய அரசு அமைச்சரை அனுப்ப வேண்டியிருந்தது. நம் ஊரிலிருந்து நிலத்தை அடகு வைத்துப் போன பிள்ளைகளின் கதை உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். 2018இல் சவூதி 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி போட்டது, 2020இல் அதை 15 ஆக்கியது. கடையில் ரொட்டி வாங்குகிறவர் எல்லோரும் இப்போது வரி கட்டுகிறார்கள், தொழிலாளியும் கட்டுகிறார். கேள்வி கேட்கும் அவை மட்டும் இன்னும் வரவில்லை.

ஏமனையும் வெறும் பலிகடாவாக மட்டும் பார்க்கக் கூடாது. அதுவும் எண்ணெய் விற்ற நாடுதான். பெரிய அளவில் இல்லை. 2001 வாக்கில் நாளுக்கு 4 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தது, பிறகு ஆண்டுதோறும் இறக்கம். அந்தச் சின்ன எண்ணெயே அரசு வருவாயில் பாதிக்கு மேல் இருந்தது. 33 ஆண்டுகள் ஆண்ட அலி அப்துல்லா சாலே அதை வைத்துக் குலத் தலைவர்களை விலைக்கு வாங்கினார், படைகளை வளர்த்தார். குடியரசுக் காவல் படைக்குத் தன் மூத்த மகனையே தளபதி ஆக்கினார். படைப் பட்டியலில் இருந்த பல ஆயிரம் சிப்பாய்கள் பட்டியலில் மட்டுமே இருந்தார்கள். சம்பளம் தளபதிகளின் பைக்குப் போனது. நூறு நாள் வேலையில் போலி வருகைப் பதிவேடு பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எண்ணெய் வற்றியபோது, சாலேவுக்குப் பின் வந்த அரசு 2014 ஜூலையில் எரிபொருள் மானியத்தை வெட்டியது. டீசல் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஏமனில் கிணற்று நீர் இறைப்பது டீசலில். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தின் மேல் ஏறித்தான் ஹூதிகள் செப்டம்பரில் தலைநகரைப் பிடித்தார்கள். தளபதிகளின் போலிப் பட்டியலை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் யோசிப்பதுண்டு. ஆனால் அந்தத் தைரியம் எந்த அரசுக்கும் வருவதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவனின் சம்பளத்தைக் கடைசியில்தான் தொடுவார்கள்.

“எண்ணெய் வயலைக் காக்க ராணுவம் வேண்டாமா?” என்று கேட்பார்கள். 2019 செப்டம்பர் 14 அன்று அப்காய்க் எண்ணெய் நிலையத்தை ட்ரோன்களும் ஏவுகணைகளும் தாக்கின. சவூதியின் உற்பத்தியில் பாதி ஒரே காலையில் நின்றது. அரை நூற்றாண்டாக வாங்கிக் குவித்த தளவாடங்கள் அன்று அதைத் தடுக்கவில்லை. அப்படியானால் இவ்வளவு ஆயுதமும் யாருக்காக?

விடையின் ஒரு பகுதி தஹ்ரானில் இருக்கிறது. ஈரானின் டெஹ்ரான் இல்லை, சவூதியின் கிழக்குக் கரையில் அராம்கோ எண்ணெய் நிறுவனம் கட்டிய ஊர். அங்கே அமெரிக்கர்களுக்கு மரம் வைத்த, குளிரூட்டிய குடியிருப்பு. சவூதித் தொழிலாளர்களுக்கு வேலிக்கு அந்தப்பக்கம் தனி முகாம். எண்ணெய் வந்தபோதே ஊரும் சேரியும் வந்துவிட்டன. 1953இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி மட்டும் கேட்கவில்லை, இந்தப் பாகுபாடு ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அரசு படையை இறக்கியது. 1956இல் மறுபடி வேலைநிறுத்தம் வந்தபோது, இனி நாட்டில் வேலைநிறுத்தமே குற்றம் என்று அரச ஆணை போட்டார்கள். எண்ணெய்க் காசில் வளர்ந்த துப்பாக்கி முதலில் திரும்பியது எண்ணெய் எடுத்தவன் பக்கம்தான். நைஜீரியாவில் ஒகோனி மக்கள் தங்கள் நிலமும் நீரும் நாசமானதற்குக் கணக்குக் கேட்டபோதும் இதுதான் நடந்தது. ராணுவ ஆட்சி அவர்களின் தலைவரான எழுத்தாளர் கென் சரோ-விவாவையும் எட்டுத் தோழர்களையும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது.

நல்ல சட்டம் போட்டால் இதைத் தடுத்துவிடலாம் என்று நம்பியவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் உலக வங்கி அதைத்தான் செய்து பார்த்தது. கேமரூன் கடற்கரை வரை 1,070 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போட வங்கி கடன் கொடுத்தது. பதிலுக்கு சாட் 1999இல் ஒரு சட்டம் போட்டது: எண்ணெய் வருவாயில் 10 விழுக்காடு வருங்காலத் தலைமுறைக்கு, மீதியில் பெரும்பகுதி கல்வி, சுகாதாரம், கிராம வளர்ச்சிக்கு. காகிதத்தில் படிக்க அருமையாக இருந்தது. எண்ணெய் வருவதற்கு முன்பே, 2000இல், நிறுவனங்கள் கொடுத்த 2.5 கோடி டாலர் முன்பணத்தில் ஒரு பங்கை எடுத்து அதிபர் இத்ரிஸ் தெபி ஆயுதம் வாங்கினார். 2003இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. 2005 டிசம்பர் கடைசியில் சட்டத்தையே திருத்தினார்கள். வருங்காலத் தலைமுறை நிதி காலி. ‘முன்னுரிமைத் துறைகள்’ பட்டியலில் பாதுகாப்பும் சேர்ந்தது. பள்ளிக்கூடமும் பீரங்கியும் ஒரே தலைப்பில்! வங்கி கடனை நிறுத்தியது, பேசியது, சமரசம் செய்தது. எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனதால் 2008இல் தெபி மொத்தக் கடனையும் முன்கூட்டியே கட்டிவிட்டு வங்கியை அனுப்பிவிட்டார். கடன் என்ற பிடி போனதும் சட்டத்தைக் கேட்க ஆளில்லை. எஸ்.சி. துணைத் திட்ட நிதி எங்கே போனது என்று ஆர்.டி.ஐ. போட்டுப் பார்த்த தோழர்களுக்கு இந்தக் கதையில் ஒரு வரிகூடப் புதிதாக இருக்காது. நம்மைப் பொறுத்தவரை, சட்டம் இருக்கிறதா என்பதோடு அதை மீறும்போது சத்தம் போட யார் மீதமிருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சாட் விஷயத்தில் அந்த வேலையை வாஷிங்டனில் இருந்த ஒரு வங்கிக்கு விட்டிருந்தார்கள். வங்கிக்கு எப்போதும் தன் கடன்தான் முக்கியம்.

எண்ணெய் இருந்தாலே பீரங்கி வரும் என்று சொல்லிவிடவும் முடியாது. நார்வே 1969இல் எண்ணெய் கண்டது. அதற்கு வெகு முன்பே அங்கே தொழிற்சங்கம் இருந்தது, வரி இருந்தது, கேள்வி கேட்கும் நாடாளுமன்றம் இருந்தது. எண்ணெய்ப் பணம் பொதுநிதிக்குப் போனது. மெக்சிகோ பல பத்தாண்டுகளாக எண்ணெய் விற்கிறது, அதன் ராணுவச் செலவு உலகத்திலேயே குறைந்த பங்குகளில் ஒன்று. இந்த இரண்டு நாடுகளுக்கும் ஆயுதம் வாங்கச் சொல்லி அழுத்தும் அண்டை நாட்டுப் போரும் இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஈரான் மன்னர் ஷாவிடம் இல்லாத ஆயுதமில்லை. 1972 மே மாதம் டெஹ்ரான் வந்த நிக்சன், அணு ஆயுதம் தவிர எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். அமெரிக்காவின் எஃப்-14 விமானத்தை வாங்கிய ஒரே வெளிநாடு ஈரான். 79 விமானங்கள் வந்து சேர்ந்தன. 1978 இலையுதிர்காலத்தில் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சில வாரங்களில் உற்பத்தி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. விமானத்தை வைத்து வால்வைத் திறக்க முடியாது. சிப்பாய்களை அனுப்பினார்கள், அவர்களுக்கு அந்த வேலை தெரியவில்லை. 1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டை விட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த ஆட்சி அதே தொழிலாளர்களின் மன்றங்களை நசுக்கியது. அது தனிக் கட்டுரைக்கான சோகம். ஆனால் குழாயின் எந்த இடத்தில் மக்களின் கை இருக்கிறது என்று உலகம் அன்று பார்த்தது.

ஏமனின் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் அது தெரிந்திருந்தது. சாலேவுக்கு எதிரான எழுச்சிக் காலத்தில் அவர்களும் நிரந்தர வேலை கேட்டுத் துடைப்பத்தைக் கீழே வைத்தார்கள். சனா தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. அதுவரை அவர்களைக் கண்ணெடுத்துப் பார்க்காத நகரம் அப்போது பார்த்தது. 2013 மார்ச்சில் நாட்டின் எதிர்காலத்தைப் பேச தேசிய உரையாடல் மாநாடு கூடியபோது 565 இருக்கைகளில் முஹம்மஷீன் மக்களுக்கும் ஓர் இருக்கை கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று. அந்த ஒருவர் வாதாடினார். அரசு வேலைகளில் அவர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்ற பரிந்துரை மாநாட்டின் முடிவுகளில் இடம்பெற்றது. ஆம், இட ஒதுக்கீடுதான். மாநாடு 2014 ஜனவரியில் முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் விமானங்கள் வந்தன. அந்தப் பரிந்துரை இன்றுவரை காகிதத்தில் கிடக்கிறது.